சும்மா எடுத்த படங்கள்

சுரக்குடியில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் வாய்க்கால் கரையில் நடக்கப் போனால் வழியில் நான்கு பேராவது கேட்பார்கள்: “டீச்சர், எங்க கெளம்பிட்டீங்க?” கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எங்கள் பக்கம் அது வணக்கம் சொல்வதைப் போன்றது. ஆண்களிடமும் கேட்பார்கள். ஆண் “சும்மா, இப்படி” என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடலாம். பெண்ணிடமிருந்து வந்தால் அந்தப் பதில் செல்லாது. கடைக்கு, கோயிலுக்கு, ரேஷனுக்கு, டியூஷன் போன பிள்ளையைக் கூப்பிட என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் மறுநாள் என் மாமியாரிடம் யாராவது விசாரிப்பார்கள்.

இந்தக் கேள்வியிலிருந்து என்னைக் காப்பாற்றியது ஒரு தெருநாய். செவலை நிறம், அதனால் பெயரும் செவலை. குட்டியாக எங்கள் வாசலில் வந்து படுத்தது, அப்படியே தங்கிவிட்டது. “நாயைக் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். செவலைக்குக் கழுத்துப்பட்டை கிடையாது. அதைக் கூட்டிக்கொண்டு போக ஆளும் தேவையில்லை. அது முன்னால் ஓடும், நான் பின்னால் நடப்பேன். ஆனாலும் ஊர் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது.

நடக்கும்போது கைபேசியில் படம் எடுப்பேன். அறுத்த வயலில் நிற்கும் கொக்கு, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கரிச்சான், யாரோ கரையில் காயப்போட்ட நைட்டி, செவலையின் வால். மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கடைமடைக்கு வந்து சேரும் நாளில் மதகையும் எடுப்பேன். கடலை ஒட்டிய தட்டையான மண் இது. மலை இல்லை, அருவி இல்லை. மதகுப் பலகையைத் தாண்டி இரண்டடி உயரத்திலிருந்து நுரைத்து விழும் தண்ணீர்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அருவி.

ஒருநாள் என் மாணவி ஒருத்தி கைபேசியில் இருந்த இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, “எதுக்கு மேடம் இதெல்லாம் எடுக்குறீங்க?” என்று கேட்டாள். “சும்மா” என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது: என் அம்மாவோ அம்மாச்சியோ தங்கள் வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட இப்படிச் சும்மா எடுத்ததில்லை. ஒரு பெண் வேலையில்லாமல் நடந்து, கண்ணில் பட்டதை, யாருக்கும் பயன்படாத ஒன்றைப் படம் பிடிப்பது எப்போது சாத்தியமாயிற்று? யாருக்கு ஆயிற்று, யாருக்கு இன்னும் ஆகவில்லை?

முதலில் அந்தச் சொல். தமிழில் ‘சும்மா’வுக்குப் பெரிய மரியாதை உண்டு. சும்மா இருத்தலை அருணகிரிநாதரும் தாயுமானவரும் ஞானத்தின் உச்சியில் வைத்தார்கள். அதே சொல் பெண்ணைப் பற்றி வரும்போது திரிந்துபோகிறது. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வீட்டு வேலை செய்பவளை “வீட்டுல சும்மாதான் இருக்கா” என்கிறோம். வேலை எதுவும் இல்லாமல் தெருமுனையில் நிற்பவளை “சும்மா சுத்துறா” என்கிறோம். முதல் வாக்கியம் அவள் உழைப்பை மறைக்கிறது. இரண்டாவது அவள் ஓய்வைக் குற்றமாக்குகிறது. புகைப்படத்தின் வரலாற்றிலும் பெண் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறாள்.

அசையாமல் நின்றவர்கள்

1839இல் பாரிஸில் டாகேர் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கேமரா காவிரிப் படுகைக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களை எடுத்த படங்கள் 1858இல் தொகுப்புகளாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். அக்காலத்தில் அது அசாத்தியமான வேலை. மெழுகு பூசிய காகித நெகடிவ், பெரிய மரப்பெட்டி, முக்காலி, ரசாயனம், இவற்றைச் சுமக்க வண்டிகளும் ஆட்களும் வேண்டும். ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி விழ வேண்டும். கல் அசையாது, அதனால் கல் பதிந்தது. நடந்து போகிறவர்கள் தடமில்லாமல் கரைந்துபோனார்கள். நடை என்பதையே அன்றைய கேமராவால் பார்க்க முடியவில்லை.

பெண்கள் கேமராவுக்கு முன் வந்தது பிறகு, ஸ்டூடியோக்களில். அங்கேயும் விதி ஒன்றுதான்: அசையக் கூடாது. பக்கத்தில் ஒரு நாற்காலி, முக்காலியின் மேல் பூச்சாடி, பின்னால் வண்ணம் தீட்டிய திரை. திரையில் மாடிப்படி இருக்கும், பூங்கா இருக்கும், சில ஸ்டூடியோக்களில் அருவி இருக்கும்.

என் அம்மாச்சியின் இளமைக்காலப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காரைக்காலில் எடுத்தது. பின்னால் ஒரு திரை அருவி கொட்டுகிறது. அதன் முன்னால் நகை எல்லாம் போட்டுக்கொண்டு, தொண்டையில் ஏதோ அடைத்ததைப் போல நிற்கிறாள். தாத்தா அப்போது சைகோனில் இருந்தார். 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்த ஊர் இது. பிரெஞ்சு இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் காவல் துறையிலும் வரி வசூலிலும் வேலை பார்க்கப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆண்கள் கப்பலேறினார்கள், வணிகர்களும் போனார்கள். அவர்கள் பணம் அனுப்பினார்கள். இங்கிருந்து பெண்களின் படம் போயிற்று. தான் நலமாக இருப்பதற்கும், பிள்ளை வளர்ந்திருப்பதற்கும், நகை பத்திரமாக இருப்பதற்கும் அந்தப் படமே சாட்சி. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறி, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளச் சில மாத அவகாசம் கொடுக்கப்பட்டபோது இந்தப் போக்குவரத்து பாரிஸ் பக்கம் திரும்பியது.

“அந்த அருவி எந்த ஊருன்னு உங்க தாத்தா காயிதம் எழுதிக் கேட்டாரு. ஸ்டூடியோவுலன்னு பதில் போட்டேன்” என்று அம்மாச்சி சொல்லிச் சிரிப்பாள். வேடிக்கைதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளும் “எங்கே போனாய்?” இருக்கிறது. கடல் தாண்டிப் போனவர், வீட்டைவிட்டு வெளியே போகாதவளிடம் கேட்கிறார்.

நடக்கக் கிடைத்த சாக்குகள்

கேமரா கைக்கு அடக்கமானதும் நிலைமை மாறத் தொடங்கியது. 1888இல் கோடாக் நிறுவனம் விற்ற பெட்டிக் கேமராவில் நூறு படங்களுக்கான சுருள் முன்பே போடப்பட்டிருந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியோடு அனுப்பினால் கழுவிப் பிரிண்ட் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிரவுனி கேமராவின் விலை ஒரு டாலர். விளம்பரங்களில் கோடுபோட்ட கவுன் அணிந்த ‘கோடாக் பெண்’ மலையிலும் கடற்கரையிலும் கேமராவோடு நின்றாள். நிறுவனத்தின் கணக்கு தெளிவானது: குடும்பத்தின் நினைவுகளைக் காப்பது பெண்ணின் வேலை, ஆகவே கேமராவை அவளுக்கு விற்கலாம். அவளை வெளியே அனுப்பும்போதே, குழந்தையையும் சுற்றுலாவையும் பதிவுசெய்யும் பொறுப்பையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

சில பெண்கள் அந்தப் பொறுப்பைத் தாண்டிப் போனார்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வாழ்ந்த ஆலிஸ் ஆஸ்டின் (1866–1952) சிறுமியாக இருந்தபோதே கேமராவைக் கையில் எடுத்தவர். எடை மிகுந்த சாமான்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருக்களையும், தோழிகளையும், வீட்டு பக் நாய் பஞ்சையும் எடுத்தார். வாழ்நாளில் அவர் படம் விற்றுச் சம்பாதித்தது மிகக் குறைவு. பொருளாதார வீழ்ச்சியில் சொத்தை இழந்து, 1945இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். கடைசியில் ஏழைகள் விடுதியில் சேர்ந்தார். கண்ணாடித் தகடுகளை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தினர் எடுத்துக் காத்ததால் மட்டுமே இன்று அவர் பெயர் தெரிகிறது.

சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் (1926–2009) பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போகும் வழியில் கழுத்தில் தொங்கிய ரோலிஃபிளெக்ஸால் எடுத்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்கள். எதையும் வெளியிடவில்லை. 2007இல், வாடகை கட்டாத கிடங்கு அறைகளின் சாமான்களோடு அவை ஏலத்துக்கு வந்தன. பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போவதுதான் அவருடைய வேலை. செவலை எனக்குத் தந்த சாக்கை அந்த வேலை அவருக்குத் தந்தது.

இந்தியாவில் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் (1913–2012) தொடக்கக் காலப் படங்களும் ஒரு வெளியூர் உலாவில்தான் பிறந்தன. பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவியாக இருந்தபோது பெண்கள் சங்கத்தின் பிக்னிக்கை எடுத்தார். ‘பாம்பே கிரானிக்கிள்’ அவற்றை வெளியிட்டது. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் அவர் படங்கள் கணவர் மானேக்‌ஷா வியாரவாலாவின் பெயரில் வந்தன. பிறகு டெல்லியில், சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் போய் நாட்டின் விடுதலையைப் படம் பிடித்தார். 1970இல் தொழிலை விட்டார். பத்ம விபூஷண் 2011இல்தான் வந்தது.

1919இல் பிறந்த இரட்டைச் சகோதரிகள் மனோபினா ராய், தேபலினா மஜும்தார் இருவருக்கும் பன்னிரண்டாவது பிறந்தநாளில் அப்பா கேமரா வாங்கிக் கொடுத்தார். குடும்பத்தையும் பயணத்தில் கண்டதையும் வாழ்நாள் முழுவதும் எடுத்தார்கள். மனோபினாவை உலகம் நெடுங்காலம் திரைப்பட இயக்குநர் பிமல் ராயின் மனைவியாகத்தான் அறிந்திருந்தது.

இவர்கள் பெரும்பாலும் கேமரா வாங்க முடிந்த குடும்பத்துப் பெண்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேயர் மட்டும் விலக்கு. வசதி இருந்தவர்களுக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது: பிள்ளை, நாய், பிக்னிக், பத்திரிகை வேலை. வசதி, சாக்கு இரண்டும் இல்லாத பெண்ணின் கண் என்ன பார்த்தது என்பதற்கு நம்மிடம் படமே கிடையாது.

பன்னிரண்டு படம், முப்பத்தாறு படம்

நம் வீடுகளுக்குக் கேமரா வந்த காலம் எனக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது. அக்ஃபா கிளிக் 3 என்ற கறுப்புப் பெட்டி சித்தப்பாவிடம் இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் கொடுத்துக்கொண்டிருந்தது. ரோல் வாங்க ஒரு செலவு, கழுவ ஒரு செலவு, பிரிண்டுக்கு ஒரு செலவு. பிறகு முப்பத்தாறு படக் கலர் ரோல் வந்தது. அப்போதும் கணக்கு மாறவில்லை. காதுகுத்துக்கு எட்டு, தேருக்கு நான்கு, மிச்சம் தீபாவளிக்கு.

ஒவ்வொரு படத்துக்கும் விலை இருக்கும்போது சும்மா எடுப்பது ஊதாரித்தனம். விலை போட்டுப் பார்ப்பவர் கையில்தான் கேமரா இருக்கும். எங்கள் வீட்டு ஆல்பத்தில் சித்தப்பா எங்குமே இல்லை, அவர்தான் எடுத்தவர். அம்மா எல்லாப் படத்திலும் இருக்கிறாள். அவள் ஒன்றுகூட எடுத்ததில்லை. ஒரே ஒருமுறை சித்தி கேமராவை வாங்கிக் கிணற்றடியில் பூத்திருந்த செம்பருத்தியை எடுத்துவிட்டாள். “ஒரு படம் வீணாப்போச்சு” என்று வீடே பேசியது. பிரிண்ட் போடாமலே விட்டார்கள். அந்த நெகடிவை எங்கெங்கோ தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

பிலிம் போய் எண்ணியல் படம் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. படம் விலையில்லாமல் போனபிறகுதான் பெண்களால் ‘வீணாக’ எடுக்க முடிந்தது. கோலம், தாளிப்பு, ஜன்னலில் வந்து நிற்கும் பூனை, பேருந்திலிருந்து தெரியும் மழை. இன்று இவற்றைப் பார்த்து “எதுக்கெடுத்தாலும் போட்டோவா?” என்று கிண்டல் செய்பவர்கள், செம்பருத்திக்காகச் சித்தியைத் திட்டியவர்களின் வாரிசுகள்.

ஆனால் விலை முழுதாக ஒழியவில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் 54 விழுக்காடு. மற்றவர்களுக்குப் போன் என்பது கணவனுடையது, மகனுடையது, வீட்டுக்குப் பொதுவானது. பொதுப்போனில் எடுக்கும் படத்துக்கு யாராவது ஒருவரிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

நடைக்கும் அப்படியே. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூல் ஒரு எளிய உண்மையைக் காட்டியது. பெண் பொது இடத்தில் இருக்கலாம், ஆனால் ஒரு வேலையாக வந்திருப்பதை உடம்பாலேயே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். வேகமாக நடப்பாள், பையை அணைத்துக்கொள்வாள், காதில் போனை வைத்துக்கொள்வாள். பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்பதோடு நிற்காமல், காரணமின்றிச் சுற்றும் உரிமையைக் கேளுங்கள் என்றார்கள் அவர்கள். பெங்களூரில் 2003இல் ஜாஸ்மின் பதேஜா தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ இயக்கம், பெண்களைப் பூங்காக்களுக்கு வரவழைத்துப் புல்தரையில் படுத்துத் தூங்கச் சொன்னது. இதைப் பெருநகரத்து விஷயம் என்று என் மாணவிகள் சிலர் ஒதுக்குவார்கள். வாய்க்கால் கரையில் நான்கு பேருக்குப் பதில் சொல்லிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அருவிக் கரையில் பை காத்தவர்கள்

அம்மாச்சி உண்மையான அருவியைப் பார்த்தது அறுபது வயதுக்கு மேல். வேன் வைத்துக் குற்றாலம் போனோம். பேரருவியில் பெண்களுக்குத் தனிப்பகுதி உண்டு. அங்கே கூட்டம் நெரிந்தது. அம்மாச்சி குளிக்கவில்லை. எல்லாருடைய துணி, செருப்பு, நகை, கேமரா அனைத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள். “நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்குறேன்.” தமிழ்க் குடும்பங்களின் அருவிப் பயணங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். படத்தில் வரமாட்டாள். கேமரா அவள் மடியிலேயே இருந்தாலும் அதை எடுத்து ஒரு படம் பிடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாது.

அருவியைப் பார்த்தவர்களின் வரலாறு நம்மிடம் நிறைய இருக்கிறது. ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் பாபநாசம் அருவியை வரைந்தார்கள்; அது பின்னர் லண்டனில் அச்சுப்படமாயிற்று. அதற்கும் முன்பே திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் மலையையும் அருவியையும் ஒரு பெண்ணின் வாயால் சொல்லவைத்தார். வசந்தவல்லிக்குத் தன் மலைவளத்தைச் சொல்பவள் குறத்தி. அவள் நடந்து பழகியவள், கண்ணால் கண்டவள். அவளுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது: குறி சொல்லும் தொழில். அப்படியும், அவளைத் தேடிவந்த சிங்கன் கேட்பது எங்கே போயிருந்தாய் என்றுதான். பிறகு உடம்பில் உள்ள ஒவ்வொரு நகையையும் சுட்டி, இது என்ன, எப்படி வந்தது என்று விசாரிக்கிறான். அதைச் சுவையான நாடகக் காட்சியாகவே வகுப்பில் நெடுங்காலம் நடத்தினேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “எங்க அண்ணன் என் போனை வாங்கிப் பாக்குற மாதிரியே இருக்கு மேடம்” என்றாள். அதன்பிறகு பழையபடி நடத்த முடியவில்லை.

இன்று அருவியில் கேமரா பெண்ணுக்கு இன்னொரு அச்சம். நனைந்த துணியோடு நிற்கும்போது எந்தப் பக்கத்துக் கைபேசி உயர்கிறது என்று பார்த்துக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கிறது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின், 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு சேர்க்கப்பட்டது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பும் நிலையில், அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆம் பிரிவு. திறந்தவெளியில், கூட்டத்துக்கு நடுவில் குளிப்பவளின் அச்சத்துக்கு இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் துணை வரும் என்பது வேறு கேள்வி. ஒரே கருவிதான். ஆணின் கையில் இருந்தால் அவள் பயப்படுகிறாள். அவள் கையில் இருந்தால் ஊர் சந்தேகப்படுகிறது.

அந்தச் சந்தேகம் என்னிடமும் வந்தது. கரையில் கொக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார். “யாரை எடுக்குறீங்க? காட்டுங்க.” நான் ஒரு முனைவர், பேராசிரியர், நாற்பது வயது கடந்தவள். உடனே கைபேசியைத் திறந்து காட்டினேன். கொக்கு, நாய், நாய், மதகு, நாய். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஏன் காட்டினேன் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

ஒரு நாளைக்கு இரண்டு படம்

இதே வாய்க்கால் கரையில் என் முறையும் வந்தது. நூறு நாள் வேலையில் தூர்வாரிக்கொண்டிருந்த பெண்களை ஒரு காலையில் பார்த்தேன். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை, பின்னால் இளவெயில். கையை உயர்த்திப் படமெடுக்கப் போனேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: “வேணாம் டீச்சர். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எடுக்குறாங்க, அது போதும்.”

அவர் சொன்னது வருகைப்பதிவு. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், கைபேசிச் செயலி வழியாக, நேரமும் இடமும் பதிந்த தொழிலாளர் படங்களை நாளுக்கு இரண்டுமுறை ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாயிற்று. காலையில் ஒன்று, பிறகு ஒன்று. வேலை சீக்கிரம் முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால், படம் ஏறாவிட்டால், கூலி கேள்விக்குறி. படமெடுக்கும் பணித்தளப் பொறுப்பாளரும் பல இடங்களில் பெண்தான். எண்ணிக்கையில் பார்த்தால் நம் கிராமத்துப் பெண்களை இன்று அதிகமாகப் படமெடுப்பது அரசுதான். அந்தப் படங்களை அவர்கள் பார்த்ததே இல்லை.

நடை என்று நான் பெருமையாகச் சொன்ன கரையில் அவர்கள் எனக்கு முன்பிருந்தே நடக்கிறார்கள். நாற்று முடியோடும் சோற்றுத் தூக்கோடும் நடப்பதை யாரும் நடைப்பயிற்சி என்று சொல்வதில்லை, “எங்க கெளம்பிட்டீங்க?” என்று மரியாதையாகக் கேட்பதும் குறைவு. இன்னொன்றையும் அன்று கவனித்தேன். செவலையோடு நான் நடக்கும் பாதை அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குள் ஒருநாளும் போனதில்லை. நாய் போயிருக்கிறது. நான் வாய்க்கால் திருப்பத்தில் நின்று அதைக் கூப்பிட்டிருக்கிறேன். என் காலும் யாரோ வரைந்து வைத்த கோட்டைத் தாண்டாமல்தான் இருந்திருக்கிறது. பெண்ணின் சும்மா நடத்தல் என்று எழுதும்போது, எந்தத் தெருவில், எந்தச் சாதிப் பெண் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

கைபேசியைக் கீழே இறக்கினேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் இருந்த இளையவர் ஒருவர், “அதக் குடுங்க டீச்சர், நான் ஒண்ணு எடுக்குறேன்” என்று கைநீட்டினார். தன் கூட்டாளிகளை எடுக்கவில்லை, என்னையும் எடுக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து, மதகில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செவலையை எடுத்தார்.

பேய்க்கு யாரும் கேள்வி கேட்பதில்லை

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கும். இறைவன் பிச்சாடனராக வீதியில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். ஆயிரம் கைபேசிகள் உயரும். கொண்டாடப்படுபவர் புனிதவதி. கணவன் விட்டுப்போனபின், அழகான உடம்பை உதிர்த்துப் பேயுருவம் கேட்டு வாங்கியவர். கயிலைக்குத் தலையால் நடந்தவர், திருவாலங்காட்டுச் சுடுகாட்டுக்குப் போனவர். பக்தியாகவும் துறவாகவும் சொல்லப்பட்ட கதை இது. நடை பற்றி யோசிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வேறொன்றும் தெரிகிறது. இளம்பெண்ணாக அவர் புறப்பட்டிருந்தால் வழியெல்லாம் அதே கேள்விதான். பேயிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

போன இடத்தில் அவர் பார்த்தார். அதையும் நாம் போதுமான அளவு சொல்வதில்லை. ஆலங்காட்டுப் பதிகங்களில் இறைவனின் ஆட்டம் மட்டுமா இருக்கிறது? கள்ளி இருக்கிறது, நரி இருக்கிறது, கூகை இருக்கிறது, அணைந்தும் அணையாத ஈமத்தீ இருக்கிறது. அழகென்று யாரும் சொல்லாத ஒரு நிலத்தை, அதன் ஒவ்வொரு செடியையும் விலங்கையும் நின்று கவனித்த ஒரு பெண்ணின் கண் அது. வெளியே போக அவர் கொடுத்த விலை மிகப் பெரியது. பார்க்கும் உரிமைக்காக, பார்க்கப்படும் உடம்பையே கொடுத்தார்.

இன்று நாய் என்ற சின்ன விலையில் எனக்கு அது கிடைக்கிறது. ஆனால் நிலைக்குமா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகப் பகுதியின் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்வடிவில் சேகரித்திருக்கிறது. அம்மாச்சிகள் அதில் பிழைத்துக்கொள்வார்கள். காகிதத்தில் இருந்ததால் நூறு வருடம் தாங்கினார்கள். நம் கைபேசிப் படங்கள் போன் உடைந்தால் போய்விடும். நினைவகம் நிரம்பினால் நாமே அழித்துவிடுவோம். அழிக்கும்போதும் கல்யாணப் படத்தை வைத்துக்கொண்டு கொக்கையும் மதகையும்தான் முதலில் அழிப்போம். மேயரின் பெட்டிகள் ஏலத்துக்காவது வந்தன. நம்முடையவை அதற்கும் வராது. பிறகு ஒருநாள் யாராவது, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்டாப் பெண்கள் எதைப் பார்த்தார்கள் என்று தேடினால், வருகைப்பதிவுப் படங்கள் மட்டும்தான் கிடைக்கும்.

அதனால் மாணவிகளிடம் ஒன்று சொல்லிவருகிறேன். மாதத்துக்கு ஒரு சும்மா படத்தையாவது பிரிண்ட் போடுங்கள். பின்னால் தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். பெயர் கட்டாயம். ஹோமாய் படத்தில் கணவர் பெயர் இருந்ததை மறக்காதீர்கள்.

நானும் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். மதகில் செவலை தண்ணீர் குடிக்கும் படம். அடிவரை தெரியும் நீரும், பாதி கலங்கிய வாலும், ஓரத்தில் மண்வெட்டிக் காம்பும் இருக்கின்றன. ஒரு பிரதியை எடுத்தவரிடம் கொடுத்தேன், இந்த முறை அவர் தெருவுக்குள் நடந்து போய். புத்தகத்தில் பெயர் போட வேண்டாம் என்று சொன்னார். படத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன்.